எட்டு மூலைப் பலகை

நவம்பர் 4, செவ்வாய்
விடியவே மழை. கார் ஓட்ட வகுப்பு இருந்தது. முழங்கால் வலி, கிளச்சால்.

மாஸ்டர் கொழும்பு, கொட்டாஞ்சேனை ஆள். வாய் ஓயாது. "எழுத்தப் பாக்காதீங்க தங்கச்சி, உருவத்தப் பாருங்க. எழுத்து அழிஞ்சாலும், பின்னால நிண்டு பார்த்தாலும் எட்டு மூலை எண்டா 'நில்'தான். வேற ஒரு பலகைக்கும் அந்த உருவம் இல்ல."

மனப்பாடம்:
மஞ்சள் சாய்சதுரம் – கவனம்
சிவப்பு வட்டம் – கூடாது
நீல வட்டம் – கட்டாயம்
தலைகீழ் முக்கோணம் – வழி விடு

மொழி தெரியாதவனுக்கும் விளங்கவேண்டும் என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். மரியாதையான யோசனை.

நவம்பர் 7, வெள்ளி
அப்பாவுக்குக் கிழமையில் இரண்டு நாள் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். திறீவீல் ஓட்டோக் குலுக்கத்தில் சத்தி எடுக்கிறார், குடித்த தண்ணீரும் தங்காது; கார்தான் சரி. போன மாதம் ஆமிச் செக்பொயின்டில், தமிழ்ப் பெடியன் என்று அண்ணாவை இறக்கி இரவு முழுக்க வைத்திருந்தார்கள். அப்பா காருக்குள் தனியே, இருட்டும்வரை. அதன்பின் அண்ணாவைக் கார் ஓட விடுவதில்லை. கீழ்வீட்டு மாமாதான் ஓடித் தருகிறார். அவரும் 12ஆம் திகதி கனடா போகிறார்.

"பெட்டையளை அவ்வளவாய் மறிக்கமாட்டாங்கள்," என்றார் மாமா. ஆகவே நான்.

பால்மா முடிந்துவிட்டது.

நவம்பர் 12, புதன்
டெஸ்ட். எழுத்துப் பரீட்சை முழுக்கச் சரி. பிறகு ஓட்டம். பரிசோதகர் பக்கத்தில், மாஸ்டர் பின்னால். சந்தி வாயில் எட்டு மூலைப் பலகை. நிறுத்தினேன், கோட்டில் சரியாக. எஞ்சினை அணைத்தேன். கண்ணாடியை இறக்கினேன். அடையாள அட்டையை வெளியே நீட்டினேன்.

வெளியே ஒருவரும் இல்லை.

பின்னால் பஸ் ஹோர்ன். மாஸ்டர், "ஐயோ தங்கச்சி!" பரிசோதகர் மெதுவாக, சிங்களத்தில், "நங்கி, மேக செக்பொயின்ட் எகக் நெவெய்." தங்கச்சி, இது செக்பொயின்ட் இல்லையாம். அவர் சிரிக்கவில்லை. எழுதினார். சந்தியில் எஞ்சினை அணைத்தது பிழை. இரண்டு கிழமை கழித்து வரட்டாம்.

வீட்டில் சொன்னேன். நாளைக்கு அப்பாவுக்கு ஆஸ்பத்திரி. அண்ணா ஆணியில் தொங்கிய கார்த் திறப்புக்குக் கை நீட்டினான்.
"எட்டு மூலைக்கு ஐசி நீட்டின முதல் ஆள் நீதானடி."
அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை.
பிறகு வெள்ளைச் சட்டை தேய்த்தான். ஐசி, பொலிஸ் பதிவு, அப்பாவின் ஆஸ்பத்திரித் துண்டு, மூன்றும் மேல் பொக்கெட்டில்.
"இப்பவே ஏன்?" என்றேன்.
"காலமை தேட நேரமிராது."

நவம்பர் 13, வியாழன்
மழை இல்லை. 6.40க்கு அப்பாவும் அண்ணாவும் போனார்கள்.

ஆஸ்பத்திரிவரை எட்டு மூலை இரண்டு, முக்கோணம் ஒன்று, செக்பொயின்ட் தார்ப்பீப்பா நாலு இடத்தில். பீப்பா புத்தகத்தில் இல்லை.

வேலைக்கு லீவு சொன்னேன். வாசிக்க எடுத்த புத்தகம் அதே பக்கத்தில். அம்மா இரண்டு தரம் சோறு வடித்துவிட்டாள்.

12.30. வழமையாய் வந்துவிடும் நேரம். இல்லை.
1.15. இல்லை.
1.50. கேற் சத்தம். அப்பாவின் இருமல். கொஞ்சம் பிந்தி, அண்ணாவின் செருப்பு.