மோட்டார் கொட்டாய்ச் சுருதி

நேற்று பரணிலிருந்து பேஸ் கிதாரை இறக்கி உறையின் ஜிப்பைத் திறந்தேன். நாம் வாசித்துப் பழகிய உங்கள் வயல் மோட்டார் கொட்டாயின் வாடை முகத்தில் அடித்தது. கிரீஸ், ஈரச் செங்கல், எலிப்புழுக்கை. உரக்கடையில் நாளெல்லாம் யூரியா மூட்டைகளுக்கு நடுவே நிற்கிற என் மூக்குக்கே தெரிந்தது என்றால் பார்த்துக்கொள். கிதாரை வெளியே எடுக்காமல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

உனக்கு ஒரு சேதி சொல்ல வேண்டும். ‘மும்முனை’ மறுபடியும் மேடையேறப் போகிறது. நீ, நான், டிரம்ஸ் பாபு என்று மூன்று பேராக உத்திரமேரூரில் ஆரம்பித்து, ஒருத்தரும் சீண்டாமல் கலைந்துபோன அதே ராக் பேண்டுதான். நாம் அந்தக் கொட்டாயிலேயே கேசட்டில் பதிந்த பாட்டுகளை பாபு இணையத்தில் ஏற்றி வைத்திருந்தான். இப்போது எங்கெங்கோ இருக்கிற பிள்ளைகள் அதைக் கேட்டுவிட்டு, இவர்கள் எங்கே போனார்கள் என்று விசாரிக்கிறார்களாம். சென்னையில் ஒரு அரங்கத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். எனக்குச் சந்தோஷத்தைவிட ஆத்திரம்தான் வந்தது. மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய் இத்தனை வருஷம் கழித்து, உன் குரல் நன்றாக இருக்கிறது என்று சொல்ல வருகிறார்கள்.

நம்மிடம் சுருதி பார்க்கிற டியூனர் கிடையாது. வயலுக்கு மும்முனை கரண்ட் வந்ததும் உன் தம்பி ஓடிப்போய் மோட்டாரைப் போடுவான். அது ‘ம்ம்’ என்று ஒரே சீராக இரையும். நீ சுவரில் காதை வைத்துக்கொண்டு, அந்த இரைச்சலுக்குக் கிதாரின் கம்பியைத் திருகுவாய். நானும் உன்னைப் பார்த்துத் திருகுவேன். “சர்க்காரே சுருதிப்பொட்டி குடுத்துகினு கீது, அதுவும் ஓசில. நமக்கு இன்னாடா கொறச்சல்?” என்பாய். பேண்டுக்குப் பெயர் வந்ததும் அந்தக் கரண்டால்தான். மோட்டார் இரைகிற இடம் ஆர்மோனியத்தின் இரண்டு கட்டைகளுக்கு நடுவில் விழுகிறது என்பது நமக்கு எப்படித் தெரியும்? நம்மிடம் ஆர்மோனியமும் இல்லை.

தெரிந்த நாள் உனக்கு மறந்திருக்காது. சென்னைக் கல்லூரிப் போட்டிக்கு, கொட்டாயிலேயே சுருதி கூட்டிக்கொண்டு பஸ் ஏறினோம். அங்கே கீபோர்டு வாசிக்க ஒரு பையனைக் கொடுத்தார்கள். நீ பாட ஆரம்பித்ததும் அவன் விரல் வைத்த இடமெல்லாம் சுருதி சேராமல் கடித்தது. முன்வரிசையில் ஒருத்தி சிரித்தாள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். நீ பாதிப் பாட்டில் நிறுத்திவிட்டு மைக்கை விட்டு விலகினாய். திரும்பி வரும்போது ஜன்னலைப் பார்த்தபடியே, “அவுங்க ஊரு கரண்ட்டு வேற போலக்கீது” என்றாய். பாபுவும் நானும் சிரித்தோம். நீ சிரிக்கவில்லை. அதன்பிறகு எந்த மேடையிலும் நீ பாடவில்லை.

இப்போது என் தூக்கத்தைக் கெடுப்பது பாபு செய்திருக்கிற வேலை. கேசட்டிலிருந்து உன் குரலை மட்டும் பிரித்தெடுத்திருக்கிறான். அரங்கத்தில் உன் குரல் ஒலிக்க, நாங்கள் கூட வாசிக்க வேண்டும். ஆனால் அந்தக் குரலை மெஷினில் ஏற்றி, கீபோர்டின் சுருதிக்குச் சரியாக நிறுத்தியிருக்கிறான். அனுப்பியதைக் கேட்டேன். சுத்தமாக இருந்தது. அது நீ இல்லை. உன் சட்டையை மாட்டிக்கொண்டு வேறு எவனோ நிற்கிற மாதிரி இருந்தது.

“அவன் கொரல ஏன்டா தொட்ட?” என்று போனில் கேட்டேன்.

“அன்னிக்கு சிரிச்சாங்களே, மறந்துட்டியா?” என்றான் பாபு. “செத்தவன பாத்து இன்னொரு வாட்டி சிரிக்கணுமா? எனக்கு பயமா கீதுடா.”

அவனும் உன்மேல் உள்ள பிரியத்தில்தான் செய்திருக்கிறான். ஆனால் அந்தப் பிள்ளைகள் கேட்டு மயங்கியது கேசட்டில் இருக்கிற குரலை அல்லவா? அந்த மோட்டார் சத்தத்தை ஒருமுறை கேட்க வைத்தால் அவன் மனசு மாறும் என்று தோன்றியது. இன்று காலையில் கடையைத் திறக்காமல் கிதாரோடு உன் வயலுக்குப் போனேன்.

உன் தம்பி வரப்பில் நின்றிருந்தான். “அந்த மோட்டாரா? அத்த எப்பவோ தூக்கி போட்டாச்சுண்ணா. இப்ப எல்லாம் தண்ணிக்குள்ளயே ஓடுது, சத்தமே வராது” என்றான். கொட்டாய்க்குள் போய், நீ காது வைக்கும் இடத்தில் காதை வைத்தேன். ஒன்றுமில்லை. குழாயில் தண்ணீர் மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன் பார்க்கக் கூடாதென்று ரோட்டுப் பக்கம் நடந்தேன்.

வயல் ஓரத்து டிரான்ஸ்பார்மரைத் தாண்டும்போது கால் நின்றது. ‘ம்ம்.’ அதே இரைச்சல்தான். கிதாரை உறையிலிருந்து எடுத்துக் கம்பியைத் திருகிப் பார்த்தேன். சரியாக வந்து உட்கார்ந்தது. வீட்டு பிரிட்ஜ்கூட இதே சுருதியில்தான் இரைகிறது என்று திரும்பி வந்த பிறகு கவனித்தேன். இத்தனை நாளும் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு கேட்காமல் இருந்திருக்கிறேன்.

டிரான்ஸ்பார்மர் அடியிலிருந்தே பாபுவைக் கூப்பிட்டு, போனை அதன் பக்கம் நீட்டிப் பிடித்தேன். அவன் பழைய கேசட்டை அதோடு சேர்த்து ஓடவிட்டுக் கேட்டான். பிறகு, “கீபோர்டயே கொஞ்சம் எறக்க சொல்றேன். அவன் அப்டியே பாடட்டும்” என்றான்.

இது சரியா என்று இன்னமும் எனக்குத் தெரியவில்லை. உன்னைக் கேட்காமல் உன்னை மேடையேற்றுகிறோம். இந்தத் தடவையும் உன் வயலிலேயே சுருதி கூட்டிக்கொண்டுதான் பஸ் ஏறப்போகிறேன். முன்வரிசையில் யாராவது சிரிக்கலாம். பாபுவும் நானும் தாளம் தப்பலாம். நீ மட்டும் இந்தமுறை நிறுத்த மாட்டாய். பாட்டை முடித்துவிட்டுத்தான் போவாய்.