நாலரை இஞ்ச் சுவர்

ஜூன் 4

பக்கத்து வீட்டுக்காரருக்கு,

நான் நலம். உங்கள் நலம் சுவர் வழியாக நாள் முழுவதும் தெரிந்துகொண்டுதான் இருக்கிறது. தனியாக விசாரிக்க அவசியமில்லை.

மூன்று நாட்களாக உங்கள் வாசல் மணியை அடித்துப் பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன். நம் மகள் ஹாஸ்டலுக்குப் போகும்போது ஒரு தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனாள். "நீங்க ரெண்டு பேரும் வாயத் தொறந்தா மூணாவது நிமிஷம் சண்டை. எதுவா இருந்தாலும் எழுதி லெட்டர் பாக்ஸ்ல போடுங்க. எழுதும்போதாவது யோசிப்பீங்க." ஜட்ஜம்மாவின் தீர்ப்பை மீறி மணி அடித்தது என் தவறுதான்.

விஷயம் இது. நீங்கள் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே மோட்டார் வைண்டிங் ஆரம்பித்தது உங்கள் விருப்பம். அதில் நான் தலையிடவில்லை. ஆனால் கம்பி சுற்றி முடித்த ஒவ்வொரு மோட்டாரையும் ஓடவிட்டுச் சோதிக்கிறீர்களே, அந்த மேசை நம் பொதுச் சுவரை ஒட்டி இருக்கிறது. சுவருக்கு இந்தப் பக்கம் என் மேசை. மோட்டார் ஓடினால் டம்ளரில் தண்ணீர் நடுங்குகிறது. பேனா தானாக உருண்டு கீழே விழுகிறது.

இந்த ஆண்டு புள்ளியியல் பாடம் முழுவதையும் வீட்டிலிருந்து பேசிப் பதிவு செய்து தரும் பொறுப்பு என்னுடையது. ஜூலை கடைசிக்குள் முடித்தாக வேண்டும். ஒழுங்காக முடித்தால்தான் துறைத் தலைமை என் கைக்கு வரும். அதற்காக நான் எவ்வளவு காலம் காத்திருக்கிறேன் என்பது இந்த ஊரில் என்னைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். முதல் பதிவைக் கேட்ட ஒரு மாணவி, "மேடம், உங்க மொட்டை மாடியில ஹெலிகாப்டர் இறங்குதா?" என்கிறாள்.

மேசையை எதிர்ச் சுவருக்கு நகர்த்துங்கள். இவ்வளவுதான் கேட்கிறேன்.

இப்படிக்கு,
பக்கத்து வீட்டுக்காரி


ஜூன் 6

மதிப்புக்குரிய புரொபசர் அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. சிவப்பு மையில் எழுதாமல் விட்டதற்கு நன்றி.

மேசையை நகர்த்த முடியாது. த்ரீ ஃபேஸ் லைன் அந்த மூலையில்தான் வருகிறது. எதிர்ச் சுவர் பக்கம் மகளின் கட்டிலும் புத்தக அலமாரியும் இருக்கின்றன. லீவுக்கு வந்தால் பாதி நாள் உன் வீடு, பாதி நாள் என் வீடு என்று கணக்கு வைத்திருக்கிறாள். அவள் படுக்கும் இடத்தில் கிரீஸ் டப்பா வைக்க எனக்கு மனசு வராது.

சுவரைப் பற்றிப் பேச நம் இருவருக்குமே வாய் கிடையாது. நாம் பிரிந்து, ஒரே ஹாலாக இருந்ததன் நடுவில் கோடு போட்ட அன்று மேஸ்திரி என்ன சொன்னார், ஞாபகம் இருக்கிறதா? "ஒம்பது இஞ்ச் சுவரா வச்சிடுங்க. நாலரை இஞ்ச்னா, அந்தப் பக்கம் கொட்டாவி விட்டா இந்தப் பக்கம் தூக்கம் வரும்." அந்த அதிகப்படி நாலரை இஞ்ச் யார் பக்கத்து இடத்தில் போவது என்று ஒரு வாரம் சண்டை போட்டோம். நீ விடவில்லை. நானும் விடவில்லை. "நீங்க பேசி முடிங்க மேடம், செங்கல் எங்கயும் ஓடிடாது" என்று அவர் டீ குடிக்கப் போய்விட்டார். கடைசியில் நாலரையிலேயே நின்றது. இன்றைக்கு உன் டம்ளர் நடுங்குகிறது என்றால் அதற்கு மோட்டார் மட்டும் காரணமில்லை.

மணி விஷயம். கம்பியைக் கழற்றியது நான்தான். ஒருமுறை அடித்தால் வந்து திறக்கலாம். விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தால் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் எரிந்துபோகும். தொழில் தெரிந்தவனாகச் சொல்கிறேன்.

பாடம் பேசும் நேரத்தை எழுதி அனுப்பு. அப்போது ஓட்டாமல் இருக்கப் பார்க்கிறேன்.

மோட்டார்காரன்


ஜூன் 18

பக்கத்து வீட்டுக்காரருக்கு,

இரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரை என்று எழுதிக் கொடுத்தேன். முதல் வாரம் நன்றாகவே கடைப்பிடித்தீர்கள். பாராட்டி ஒரு வரி எழுதலாமா என்றுகூட நினைத்தேன். நல்லவேளை, அவசரப்படவில்லை.

நேற்று பாடத்தின் நடுவில் மோட்டார் ஓடியது. நான் சுவரில் தட்டினேன். நீங்கள் திருப்பித் தட்டினீர்கள். அது பதில் அல்ல. மறுபடி பதிவு செய்ய நேரமில்லாமல் அதையே அனுப்பினேன். துறைத் தலைவர் இன்று கூப்பிட்டார். "பாடம் நல்லா இருக்கு மேடம். ஆமா, பின்னாடி யாரு கல்லு ஒடைக்கறது?" சிரித்துக்கொண்டேதான் கேட்டார். பிறகு சிரிக்காமல், "வீட்ல வச்சு உங்களால முடியுமான்னு யோசிச்சுச் சொல்லுங்க. இல்லன்னா வேற ஆள் இருக்காங்க" என்றார். அந்த வேறு ஆள் யார் என்று எனக்குத் தெரியும். அவர் வீட்டில் சுவர்கள் தடிமனாக இருக்கும்போலிருக்கிறது.

குடியிருப்புப் பகுதியில் பட்டறை நடத்துவதற்கு விதிகள் உண்டு. எடுத்துப் படித்துவிட்டேன். இன்னொரு முறை நடந்தால் நகராட்சி அலுவலகத்துக்கு எழுதுவேன். இதை மிரட்டல் என்று எடுத்துக்கொண்டாலும் சரி.

காலையில் நீங்கள் இருமுவது அதிகமாகியிருக்கிறது. வார்னிஷ் புகையாக இருக்கும். ஜன்னலைத் திறந்துவைத்து வேலை செய்யுங்கள். இதைப் புகாராக எழுதவில்லை. இதுவும் ஒரு சத்தம் என்பதால் குறிப்பிடுகிறேன்.

இப்படிக்கு,
பக்கத்து வீட்டுக்காரி


ஜூன் 20

புரொபசர் அம்மாவுக்கு,

அன்று ஓடியது தெருக்கோடி அடுக்குமாடியின் பம்பு மோட்டார். அங்கே அத்தனை வீட்டிலும் தண்ணீர் இல்லை. வாட்ச்மேன் என் வாசலிலேயே நின்றுகொண்டு, "சார், மேல இருக்கறவங்க என்னைக் குளிக்காம திட்டறாங்க சார்" என்றார். உன் மாணவிகள் பாடத்தை நாளைக்கும் கேட்கலாம். இருந்தாலும் உன்னிடம் முன்கூட்டியே ஒரு சீட்டு போட்டிருக்க வேண்டும். போடவில்லை. அது என் தப்பு.

ஆனால் நகராட்சி என்று எழுதினாயே, அதைப் படித்ததும் கேட்க வந்த மன்னிப்பும் திரும்பிப் போய்விட்டது. எழுது, தாராளமாக எழுது. உனக்கு எழுத நன்றாக வரும். பேசத்தான் வராது.

பம்பு மாதிரி அவசர வேலைகள் இன்னும் வரும். வந்தால் ஓட்டத்தான் செய்வேன். நீ நினைப்பதுபோல வேலையை நானாக விடவில்லை. கம்பெனி என்னை வேண்டாம் என்று சொன்ன பிறகு, சார் என்று கூப்பிட்டு என் வாசலில் வந்து நிற்பவர்கள் இவர்கள்தான்.

மோட்டார்காரன்


ஜூலை 3

புரொபசர் அம்மாவுக்கு,

போன வாரம் உன் பாட நேரத்தில் இன்னொரு அவசர மோட்டார் ஓடியது. இன்று நகராட்சியிலிருந்து ஆள் வந்து போனார். நல்ல மனிதர். டீ கூடக் குடித்தார். "தொழில் பண்றது தப்பில்ல சார். சத்தம் செவுத்தத் தாண்டக்கூடாது. மாசக் கடைசிக்குள்ள சரி பண்ணுங்க, இல்லன்னா பட்டறைக்கு சீல் வச்சிடுவாங்க" என்றார். யார் எழுதியது என்று கேட்டேன். "அதெல்லாம் சொல்லக்கூடாது சார். ஆனா எங்க ஆபீஸ்ல எல்லாரும் வாங்கி வாங்கிப் படிச்சோம். ஒரு எழுத்துப் பிழை இல்ல."

சீல் வைத்தால் இந்தப் பாதி வீட்டை விற்றுவிட்டு வேறெங்காவது கடை பார்த்துப் போக வேண்டியதுதான். ஆள் கேட்டுக்கொண்டிருக்கிறார். டிரம்ஸ் கிளாஸ் நடத்துகிறாராம். உனக்குப் பிடிக்கும்.

இத்தனை நாள் சொல்லாத ஒன்றையும் இன்று சொல்லிவிடுகிறேன். சுவர் உனக்கு மட்டும் மெல்லிசு இல்லை. உன் பக்கத்துச் சத்தமும் எனக்குக் கேட்கிறது. நீ ஃபோனில் உன் தோழியிடம் என்னைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் நான் ரேடியோவைக் கூட்டி வைத்துவிடுவேன். அதற்கும் நீ சத்தம் என்று சுவரில் தட்டுவாய். அது போகட்டும். சாயங்காலம் ஆனால் நீ தனியாகப் பேசுகிறாய். என்னிடம் சொல்ல வேண்டியதை, நான் எதிரில் நிற்பதுபோலச் சொல்லிப் பார்க்கிறாய். "நான் சொன்னதெல்லாம் இருக்கட்டும், நீங்க ஒரு தடவையாவது" என்று வருகிறது. அங்கே நிறுத்திவிட்டு, "ச்சே, வேண்டாம், விடு" என்கிறாய். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில். வேலையை அப்படியே போட்டுவிட்டு மீதி வருமா என்று நின்றிருக்கிறேன். வந்ததே இல்லை.

மோட்டார்காரன்


ஜூலை 5

ஐயா,

அந்தப் புகாரை நான்தான் எழுதினேன். என் பெயரும் கையெழுத்தும் அதில் இருக்கின்றன. மொட்டைக் கடிதம் எழுதும் பழக்கம் எனக்கில்லை. அதைத் திரும்பப் பெறப்போவதும் இல்லை.

என் வீட்டில், என் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு நான் பேசுவது யாருக்காகவும் அல்ல. மறுபக்கம் ஒருவர் கருவியைக் கீழே வைத்துவிட்டு நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்த பிறகு இந்த வீட்டில் எந்த நாற்காலியில் உட்காருவது என்று எனக்குத் தெரியவில்லை. மோட்டார் சத்தம் இதைவிட நாகரிகமானது.

இனிமேல் கேட்பதற்கு ஒன்றும் இருக்காது.

இப்படிக்கு,
பக்கத்து வீட்டுக்காரி


ஜூலை 14

உனக்கு,

சொன்னபடியே செய்துவிட்டாய். ஒன்றும் கேட்கவில்லை. தோழியிடம் கொல்லைப்புறத்தில் நின்று பேசுகிறாய்போல. நாற்காலியைத் தூக்கித் தூக்கி வைக்கிறாய், இழுப்பதில்லை. பாத்திரத்தைக்கூடத் துணி விரித்துத்தான் வைக்கிறாய் என்று நினைக்கிறேன். பாடம் பேசும் சத்தமும் இல்லை. காலேஜில் ஏதாவது காலி அறையில் பேசுகிறாயா? முடிக்க முடியுமா? பக்கத்தில் ஒரு ஆள் மூச்சை அடக்கிக்கொண்டு வாழ்கிறார் என்பதைக் கேட்டுக்கொண்டிருப்பது மோட்டாரைவிடப் பெரிய சத்தமாக இருக்கிறது.

அதனால் ஒரு முடிவு செய்திருக்கிறேன். அந்தச் சுவரோடு ஒட்டி, என் பக்கத்தில், இன்னொரு சுவர் எழுப்பப்போகிறேன். நடுவில் தக்கை அட்டை. வீட்டை விற்கவில்லை. பழைய மேஸ்திரியைத்தான் கூப்பிட்டேன். உள்ளே வந்து சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இத அன்னைக்கே சொன்னேனே சார்" என்றார். "அன்னைக்கு நாலரை இஞ்ச்சுக்கு அவ்வளவு சண்டை. இப்ப தக்கையோட சேத்து ஆறு இஞ்ச் போகுமே, பரவால்லையா?" பரவாயில்லை என்றேன். "மேடம்கிட்ட கேட்டாச்சா?" என் பக்கம்தானே போகிறது, எதற்குக் கேட்க வேண்டும் என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கலவை போடப் போனார்.

மேசை ஆறு இஞ்ச் தள்ளி வருவதால் மகளின் அலமாரி இருந்த இடத்தில் இனி நுழையாது. அதைக் கட்டிலின் கால்மாட்டில் போட்டுவிட்டேன். ஜட்ஜம்மா வந்து திட்டினால் நீ சாட்சி சொல்ல வேண்டாம்.

ஒரு வாரம் பூச்சு வேலைச் சத்தம் இருக்கும். அதன்பிறகு நீ சத்தமாகவே பேசலாம். சுவரில் தட்டினாலும் எனக்குக் கேட்காது. அதனால் ஏதாவது ஒன்று என்றால், உடம்பு முடியவில்லை, அந்த மாதிரி ஏதாவது என்றால், வாசலுக்கு வந்து மணி அடி.

மோட்டார்காரன்


ஜூலை 29

உங்களுக்கு,

சுவர் நன்றாக வந்திருக்கிறது. மேஸ்திரி இந்தப் பக்கமும் வந்து காதை வைத்துப் பார்த்துவிட்டுப் போனார். அவரோடு நானும் வைத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. நகராட்சிக்கு எழுதிவிட்டேன், குறை தீர்ந்தது என்று. இதையும் அவர்கள் வாங்கி வாங்கிப் படிக்கட்டும்.

பாடங்களை முடித்துக் கொடுத்துவிட்டேன். கடைசிப் பத்துப் பாடங்களை இதே மேசையில் உட்கார்ந்து பேசினேன். துறைத் தலைவர், "இதுதான் மேடம் வேணும், ஸ்டுடியோ மாதிரி இருக்கு" என்றார். ஸ்டுடியோ என்பது சரியான வார்த்தைதான். அங்கே யாரும் குடியிருப்பதில்லை.

ஆறு இஞ்ச்சை நீங்கள் விட்டுக்கொடுப்பீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கேட்கவும் இல்லை. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்திருந்தால் மூன்று இஞ்ச் என் பக்கம் போகட்டும் என்றிருப்பேன். அப்படிச் சொல்லியிருப்பேனா என்று நீங்கள் சந்தேகப்படலாம். எனக்கும் சந்தேகமாகத்தான் இருக்கிறது.

நேற்று டம்ளரில் தண்ணீர் வைத்துவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அசையவே இல்லை. கரண்டியால் சுவரில் தட்டியும் பார்த்தேன். வேலை சரியாக நடந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான். நீங்கள் திருப்பித் தட்டவில்லை. அப்படியானால் வேலை சரியாகத்தான் நடந்திருக்கிறது.

ஜன்னலைத் திறந்து வைக்கிறீர்களா?

இப்படிக்கு,
பக்கத்து வீட்டுக்காரி


ஆகஸ்ட் 6

என் போன கடிதம் உங்கள் பெட்டியில் அப்படியே இருக்கிறது. ஒரு முனை வெளியே நீட்டிக்கொண்டு, மழையில் நனைந்து. காலேஜுக்குப் போகும்போதும் வரும்போதும் அதைப் பார்க்கிறேன். கடிதத்தை எடுக்காதவர் நன்றாக இருக்கிறார் என்று நினைப்பதா, இல்லை என்று நினைப்பதா? முன்பெல்லாம் எனக்கு இந்தக் கேள்வியே வந்ததில்லை. காலையில் நீங்கள் இருமினால் விடிந்துவிட்டது என்று எழுந்திருப்பேன். இப்போது கடிகாரம் வைத்து எழுந்திருக்கிறேன். ஏன் எழுந்தோம் என்று தெரியாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கிறேன்.

மகளிடம் ஃபோனில் கேட்டேன், அப்பா பேசினாரா என்று. "பக்கத்துச் செவுருதானேம்மா, என்கிட்ட ஏன் கேக்கற?" என்றாள். பிறகு அவளே, "நான் எழுதுங்கன்னு சொன்னது நீங்க பேசப் பழகற வரைக்கும்தான். இவ்வளவு நாளா எழுதிகிட்டே இருப்பீங்கன்னு எனக்கென்ன தெரியும்?" என்றாள்.

அதனால் வந்தேன். மணி அடித்தேன். நீங்கள் கம்பியை இன்னும் பொருத்தவில்லை. மணி அடி என்று எழுதினீர்களே, எழுதும்போது யோசிக்கவில்லையா? கதவைத் தட்டினேன். திறக்கவில்லை. பயம் வந்தது. கதவில் காதை வைத்தேன். உள்ளே மோட்டார் ஓடுகிறது. கதவுக்கு இவ்வளவு பக்கத்தில் வந்தால்தான் கேட்கிறது. நடுவில் ஒருமுறை இருமினீர்கள்.

கேட்டதும் திரும்பிப் போயிருக்கலாம். எதற்கு வந்தேனோ அது தெரிந்துவிட்டது. போகவில்லை.

நீங்கள் நின்று கேட்டும் வராத அந்த மீதி எழுதுகிற மாதிரி இல்லை. பாதியை எழுதிப் பார்த்துக் கிழித்துவிட்டேன்.

இந்தச் சீட்டைக் கதவுக்கு அடியில் தள்ளுகிறேன். படியில் உட்கார்ந்திருக்கிறேன். மோட்டாரை நிறுத்த வேண்டாம். ஓடி முடியட்டும்.