பதினொன்றாம் வகுப்புக்குச் சொன்ன வாக்கு

பெரியசாமி துணை

கொல்லிமலை,
ஐப்பசி மாதம்.

மரியாதைக்குரிய சங்கீதா அப்பாவுக்கு, பாவாயி வணங்கி எழுதுவது.

வீட்டில் எல்லோரும் சுகம் என்று முதலில் எழுதிவிடுகிறேன். என் தலைக்குள் மட்டும் ஒன்றும் சரியாக இல்லை.

எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் எதைச் சொன்னாலும், கிணறு துளைக்கும் போர் வண்டி இரைச்சலில் "செரி செரி" என்று வைத்துவிடுகிறீர்கள். போன வாரம் உங்கள் அக்கா பேசினாராம், அவருக்கும் "செரி" சொன்னீர்களாம். அன்றைக்கே நான் பேசினேன், எனக்கும் "செரி". ஏனுங்க, அவர் கேட்டது ஒன்று, நான் கேட்டது ஒன்று. இரண்டுக்கும் எப்படிச் சரி சொல்வீர்கள்? அதனால்தான் உங்கள் வண்டிக்கு மாற்று ஆட்களைக் கொண்டுவந்து விடும் சின்னுசாமி அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். எஞ்சினை நிறுத்திவிட்டுப் படியுங்கள்.

மிளகு இந்த வருஷம் நன்றாகப் பிடித்திருக்கிறது. கிழங்குக் காட்டில்தான் பன்றி இறங்கி ஒரு பக்கத்தை உழுதே விட்டது. அது கிடக்கட்டும்.

வைகாசியில் சங்கீதா பத்தாவது பாஸானதும், உங்கள் அக்கா தன் மகன் தமிழ்செல்வனுக்குப் பெண் கேட்டு வந்தது நினைவிருக்கும். அக்காவிடம் இல்லை என்று சொல்ல உங்களுக்கு வாய் வராது. மகளிடம் படிக்காதே என்று சொல்லவும் வராது. பெரியசாமி கோயிலில் எல்லோர் முன்னாலும் கற்பூரம் அணைத்து ஒரு வாக்குச் சொன்னீர்கள். பதினொன்றாவதில் கவர்மெண்டு வைக்கும் பரீட்சையில் பாஸ் பண்ணினால் படிக்கட்டும், இல்லாவிட்டால் உன் வீட்டு மருமகள் என்று. நானும் தலையாட்டினேன். பிள்ளை பாஸாகிவிடுவாள் என்ற தைரியம்தான்.

நீங்கள் வண்டி ஏறிய பிறகு ஆடியில் கவர்மெண்டு புதுக் கல்விக் கொள்கை என்று ஒன்று கொண்டுவந்தது. பதினொன்றாவதுக்கு இனிமேல் பொதுத்தேர்வே கிடையாதாம். மலையில் அந்த வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் குதித்துக் கும்மாளம் போட்டன. நம் பிள்ளை ஒருத்திதான் புத்தகப்பையைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

உங்கள் அக்கா வந்து, பரீட்சையே இல்லை, அப்புறம் எங்கிருந்து பாஸ் ஆவாள், தம்பி வாக்கு என்னாவது என்கிறார். சங்கீதா, பரீட்சையே இல்லை, நான் எங்கே ஃபெயில் ஆனேன் அத்தை என்கிறாள். இவர் பேசும்போது இவர் பக்கம் நியாயமாகப்படுகிறது, அவள் பேசும்போது அவள் பக்கம். நடுவில் நான் கிறுக்குப் பிடித்தவள் மாதிரி நிற்கிறேன்.

பள்ளிக்கூடத்துக்கே போய் பிரபாவதி டீச்சரைக் கேட்டேன். "பள்ளிக்கூடத்துலயே பரீட்சை வெப்போமுங்க, கவர்மெண்டு பரீட்சை பன்னெண்டாவதுலதானுங்க. புள்ளைங்களுக்குப் பயம் கொறையட்டும்னு எடுத்தாங்க" என்றார். எங்கள் வீட்டில் அதனால்தான் பயமே வந்தது என்று சொன்னேன். பதினெட்டு முடியாமல் கல்யாணம் என்று பேச்செடுத்தால் போலீஸ் வரும் என்றும் சொன்னார். அதை உங்கள் அக்காவிடம் சொன்னால், தையில் பரிசம் மட்டும் போட்டு வைப்போம், கல்யாணம் பிறகு என்கிறார். பரிசம் போட்ட பெண்ணை எந்த மாமியார் பஸ் ஏற்றிப் பள்ளிக்கூடம் அனுப்புவார், சொல்லுங்கள். தமிழ்செல்வன் நல்ல பையன்தான், அவனை நான் ஒரு குறையும் சொல்லவில்லை.

சாமியையே கேட்போம் என்று நானும் உங்கள் அக்காவும் கோயிலுக்குப் போய்ப் பூக்கேட்டோம். வெள்ளைப்பூ வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் இல்லை. வெள்ளைதான் வந்தது. உங்கள் அக்கா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார், நானும் கட்டிப்பிடித்துக்கொண்டேன். பாதி வழி இறங்கிய பிறகுதான் தெரிந்தது, அவர் பரிசத்துக்குக் கேட்டிருக்கிறார், நான் படிப்புக்குக் கேட்டிருக்கிறேன். அதற்குமேல் அவர் முன்னால், நான் பின்னால் என்று வீடு வந்து சேர்ந்தோம்.

போன ஞாயிற்றுக்கிழமை சங்கீதா என்ன செய்தாள் தெரியுமா? டீச்சரிடம் பழைய பதினொன்றாவது கேள்வித்தாளை வாங்கி வந்து, என்னைச் சூப்பர்வைசராக உட்கார வைத்து, வாசற்படியில் பரீட்சை எழுதினாள். பேசக் கூடாது, எழுந்து போகக் கூடாது என்று எனக்குச் சட்டம். அடுப்பில் சோறு அடிப்பிடித்தும் விடவில்லை. எழுதி முடித்ததும் நூல் கோத்துக் கட்டிக் கொடுத்து, அப்பா பாஸ் போடட்டும், அவர்தானே வாக்குச் சொன்னார் என்றாள். மற்றதெல்லாம் உங்களுக்குப் புரியாது என்று தமிழ்ப் பரீட்சையாகப் பார்த்து எழுதியிருக்கிறாள். நீங்கள் ஐந்தாவது வரை படித்தவர், எழுத்துக்கூட்டியாவது படித்துவிடுவீர்களாம்.

அதை இதோடு வைத்திருக்கிறேன். எண்ணெய்க் கையோடு தொடாதீர்கள்.

கற்பூரம் அணைத்த வாக்கைப் பன்னிரண்டாவதுக்கு மாற்றி வைக்கலாமா, சாமி கோபிக்குமா, எனக்குத் தெரியவில்லை. என் மகள் படிக்க வேண்டும். அது மட்டும் எனக்குத் தெரிகிறது. கோபிப்பதானால் சாமி என்மேல் கோபிக்கட்டும்.

சிவப்புப் பேனா ஒன்றையும் அவள் இதோடு வைத்து அனுப்பியிருக்கிறாள். பாஸ் என்றால் அந்தப் பேனாவாலேயே எழுதி, சின்னுசாமி அண்ணன் திரும்பும்போது கொடுத்தனுப்புங்கள். ஃபெயில் என்றால் எழுத வேண்டாம். மலையேறி வந்து அவள் முகத்தைப் பார்த்து நீங்களே சொல்லுங்கள்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். பெரியசாமி உங்களுக்கு நல்ல புத்தியும் நீண்ட ஆயுளும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் பாவாயி