ஹானை என்றால் என்ன, கலா?

என் கலாக்குட்டிக்கு,

போன மாதம் உனக்கு வருஷத் திதி கொடுத்தோம். ஹவாயிலிருந்து உன் வீட்டுக்காரர் கெயோனி, மாலியாவைக் கூட்டிக்கொண்டு ஆனையூர் வீட்டுக்கு வந்திருந்தார். வேட்டிக்கு மேல் பெல்ட் போட்டுக்கொண்டு அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நீ பார்த்திருந்தால் திதி என்றும் பார்க்காமல் சிரித்திருப்பாய்.

உன் மகளுக்கு முன்பல் விழுந்திருக்கிறது. அந்த ஓட்டை வாயோடு எனக்கு டீச்சராகிவிட்டாள். 'மஹாலோ' என்றால் நன்றி. 'அலோஹா' வரும்போதும் சொல்லலாம், கிளம்பும்போதும் சொல்லலாம். 'ஒஹானா' என்றால் குடும்பம். ஆரம்பிக்கும்போதே தொண்டையில் மூச்சைச் சட்டென்று நிறுத்த வேண்டுமாம். நான் நிறுத்தினால் விக்கல்தான் வருகிறது. அம்மாவுக்கும் அம்மாவின் அக்காவுக்கும் அங்கே ஒரே சொல்லாமே, 'மக்குவாஹினே'? அதைக் கேட்டதும் எனக்கு என்னவோ செய்தது.

அவள் பெட்டியைத் திறந்தபோதுதான் குழப்பம் ஆரம்பித்தது. லீவுக்கு வந்த பிள்ளையின் பெட்டியில் அத்தனை துணியும், பொம்மைகளும், பள்ளிக்கூடச் சான்றிதழும் இருந்தன. அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "எம்புட்டுத் துணி பாத்தியாத்தா? புள்ளைய நம்மகிட்ட தள்ளிவிட்டுட்டு மாப்ள வேற கல்யாணம் பண்ணப் போறாரா?"

எனக்கும் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அதே நேரம் உள்ளுக்குள் சந்தோஷமாகவும் இருந்தது. இது என்ன மனசு, கலா?

கெயோனியிடம் நேராகவே கேட்டுவிட்டேன். 'ஹானை' என்றார். யானை என்பதுபோலச் சொல்ல வேண்டும். தத்துக் கொடுப்பதா என்றேன்; அப்படியில்லையாம். பெற்றவர் உறவு அறுந்துபோகாமல், பிள்ளையை வளர்க்கச் சொந்தக்காரர் கையில் கொடுப்பதாம். அந்தக் காலத்து வழக்கப்படி மூத்த பெண் பிள்ளையை அம்மா வீட்டார் கேட்டால் தகப்பன் மறுக்கக் கூடாதாம். அவரே அப்படி வளர்ந்தவராம். "நீங்கள் கேட்பீர்களென்று ஒரு வருஷமாகப் பயந்துகொண்டிருக்கிறேன். கேட்டால் கொடுக்க வேண்டுமே என்றுதான் எல்லாவற்றையும் பெட்டியில் கட்டினேன்" என்று இங்கிலீஷில் சொன்னார்.

அப்பாவிடம் விளக்கினேன். "நம்ம ஊர்ல புள்ள அப்பன் வீட்டுக்குத்தான? நாம எப்படித்தா கேக்குறது? எனக்கு ஒண்ணும் புரியல. நீயே சொல்லிரு."

'குடுங்க' என்று ஒரு வார்த்தை. வாய் வரைக்கும் வந்துவிட்டது. எனக்குப் பிள்ளையில்லாத ஏக்கம் உன்னைவிட யாருக்குத் தெரியும்? மாலியா கெயோனி மடியில் சாய்ந்து அவர் சட்டைப் பட்டனைத் திருகிக்கொண்டிருந்தாள். "கூட்டிட்டுப் போங்க" என்றேன். அந்த ஆறடி மனுஷன் தேம்பித் தேம்பி அழுதார்.

அவர்கள் போய்விட்டார்கள். நான் செய்தது சரியா? உன் பிள்ளையை விட்டுக்கொடுத்தேனா, இல்லை கைவிட்டேனா? சமைக்கும்போதும் பஸ்ஸில் போகும்போதும் இதுதான் ஓடுகிறது. நீ இருந்தால் போன் போட்டுக் கேட்டிருப்பேன்.

வளர்ந்தபின் ஒருநாள் மாலியா கேட்பாள்: "பெரியம்மா, என்னைய ஏன் நீங்க கேக்கல?" வழக்கம், அது இது என்று மழுப்ப மாட்டேன். ஆசை ஆசையாகத்தான் இருந்தது என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். இது உன்மேல் சத்தியம்.

மாலியாவின் பெரியம்மா,
உன் அக்கா சுமதி