வலப்பக்க டிக்

நவம்பர் 12, புதன்.

படிக்க வேண்டிய துப்பறியும் நாவல்களின் பட்டியலை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன். மூன்றாவது தாளும் நிரம்பப் போகிறது. நான் படித்துவிட்டால் இடப்பக்கம் ஒரு டிக். மீனா படித்துவிட்டால் வலப்பக்கம். இரண்டு டிக்கும் விழும்வரை அந்தக் கதையைப் பற்றிப் பேசக் கூடாது. கல்யாணமான புதிதில் போட்ட ஒப்பந்தம்.

நேற்று ஒரு நாவலுக்கு இரண்டாவது டிக்கும் விழுந்தது. இன்று மீனா தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது, "அந்த சமையல்காரர் செத்தது பாவம், இல்ல?" என்றேன்.

"எந்த சமையல்காரர்?"

கதையில் பாதிக்கு அவர்தான் வருகிறார். நான் அவளையே பார்த்தேன்.

"கடைசிப் பத்துப் பக்கம்தான்டா படிச்சேன்."

"இது மட்டுமா?"

"ஒரு வருஷமா எல்லாமே. பெருங்களத்தூர் டிராஃபிக்ல நின்னு வீட்டுக்கு வந்தா எங்க படிக்கறது? நீ பாட்டுக்கு லிஸ்ட்ல சேர்த்துக்கிட்டே போற. டிக் போடலன்னா எங்கிட்ட பேசவே மாட்டேங்கற."

கதையைப் பற்றி மட்டும்தானே பேசக் கூடாது என்று சொல்ல வாயெடுத்தேன். வேறு எதைப் பற்றிக் கடைசியாகப் பேசினோம் என்று யோசித்தேன். நினைவுக்கு வரவில்லை.

புதிதாகச் சேர்க்க வைத்திருந்த நான்கு தலைப்புகளை எழுதவில்லை. சாப்பிட்ட பிறகு ஒரு நாவலை எடுத்து முதல் பக்கத்திலிருந்து அவளுக்குச் சத்தமாக வாசித்தேன். ஆறாம் பக்கத்தில், "டிரைவர் மேலதான் எனக்கு டவுட்டு" என்றாள். எட்டாம் பக்கத்தில் தூங்கிவிட்டாள்.

ஒன்பதாம் பக்கத்தில் என்ன நடக்கிறது என்று எனக்கும் தெரியாது. புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.