எலுமிச்சையின் மஞ்சள் இலைகள்

மார்ச் 9, ஞாயிறு

எலுமிச்சைக்கு ஏதோ ஆகிவிட்டது. புனே நிக்டியில் இந்த வீட்டுக்கு வந்தபோது பின்பக்கம் நானே நட்ட மரம், ஆறு வயசு. அடி இலைகள் எல்லாம் மஞ்சள். தொட்டால் கையோடு வருகிறது. தண்ணீர் போதவில்லையோ? வெயில் ஆரம்பித்துவிட்டதே. இரண்டு வாளி கூடுதலாக விட்டேன். என் வீட்டுக்காரர் ஜெயந்திடம் காட்டினேன். "சரியாயிடும் பார்கவி" என்றார். எதைச் சொன்னாலும் இப்போதெல்லாம் இதே பதில்தான்.

மார்ச் 17, திங்கள்

வேப்பம் புண்ணாக்கு போட்டேன். பூவெல்லாம் கொட்டிவிட்டது.

மார்ச் 26, புதன்

யூடியூபில் ஒருவர் தண்ணீர் குறைவு என்கிறார், இன்னொருவர் அதிகம் என்கிறார். இரண்டுக்கும் இலை மஞ்சளாகுமாம்! அப்புறம் எப்படித்தான் கண்டுபிடிப்பது? விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்க்கணுமாம். விட்டேன். சேறு. மூன்று நாளாக நான் ஒரு சொட்டு விடவில்லையே?

ஏப்ரல் 3, வியாழன்

தண்ணீரை நிறுத்தி பத்து நாளுக்கு மேல் ஆச்சு. இன்றும் ஈரம். பைப் கசிகிறதோ என்று சாயங்காலம் பிளம்பரைக் கூப்பிட்டேன். குழாயில் ஒன்றுமில்லை என்று போய்விட்டார். மரத்தடியில் அழுகல் வாடை, தண்டில் பிசின் வேறு. எனக்கு ஒண்ணும் புரியமாட்டேங்குது.

ஏப்ரல் 12, சனி

இரண்டாம் சனி, எனக்கு பேங்க் லீவு. ஜெயந்த் காய் வாங்கப் போயிருந்தார். மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றபோது பக்கத்து வீட்டு ராஜஸ்ரீ சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஹிந்தியில் சொன்னாள்: "எவ்வளவு தண்ணிதான் விடுவீங்க? உன் வீட்டுக்காரர் தினமும் மத்தியானம் தண்ணி டியூபைப் போட்டுட்டு ஒரு மணி நேரம் அங்கயே நிக்கறார். அவருக்கு வர்க் ஃப்ரம் ஹோமா?"

ஆமாம் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

தினமும் காலை எட்டு மணிக்கு ஹிஞ்சேவாடி ஐ.டி. கம்பெனிக்கு என்று பைக்கை எடுக்கிறார். டிபன் பாக்ஸ் கட்டிக் கொடுப்பவள் நான். சாயங்காலம் எனக்கு அப்புறம்தான் வருகிறார், டிராஃபிக்கைத் திட்டிக்கொண்டே. அப்படியென்றால் மத்தியானம் —

ஏப்ரல் 13, ஞாயிறு

கேட்டேன். ஜனவரியிலேயே வேலை போய்விட்டதாம். டீமில் பதினோரு பேராம். நான் பேங்குக்குக் கிளம்பியதும் திரும்பி வந்துவிடுவாராம். நான் வருவதற்கு முன் மறுபடி வெளியே. கோயம்புத்தூரில் அவர் அப்பாவுக்கும் தெரியாதாம்.

"ஏங்க எங்கிட்ட சொல்லல?"

"நாளைக்கு வேற வேலை கிடைச்சிடும், அப்பச் சொல்லலாம்னு... தினமும் நாளைக்குன்னு போயிடுச்சு."

"மரத்துக்கு எதுக்கு அவ்வளவு தண்ணி?"

"பகல் எவ்வளவு நீளம்னு உனக்குத் தெரியாது பார்கவி."

அழுகை வரவில்லை. கத்தவும் தோன்றவில்லை. மூணு மாசம்! நான் இலையைப் பாத்துட்டே இருந்திருக்கேன், மனுசனப் பாக்கலயே. இல்லை, என்னை ஏமாற்றியவர் மேல் கோபப்படாமல் ஏன் என்னையே திட்டிக்கொள்கிறேன்?

ஏப்ரல் 14, திங்கள்

பேசவில்லை. இரண்டு பேரும்.

ஏப்ரல் 20, ஞாயிறு

நான் எழுந்தபோது அவர் தண்டைச் சுற்றி மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தார். அடியில் வேர் கறுத்து, கையில் பிடித்தால் தோல் உரிந்து வந்தது. அழுகினதை நான் வெட்ட வெட்ட அவர் கூடையில் அள்ளினார். தண்ணீர் தேங்காமல் ஓட ஒரு வாய்க்கால் வெட்டினோம். "பொழைக்குமா?" என்றார். தெரியாது என்றேன்.

மே 18, ஞாயிறு

மேற்குப் பக்கக் கிளை பட்டுப்போய்விட்டது. மற்றதில் சின்னச் சின்னதாகத் துளிர். மழைக்கு முன், பூஞ்சை பிடிக்காமலிருக்க தண்டில் போர்டோ பசை பூசணும் என்று யூடியூபில் சொன்னார்கள். தளேகாவ் பக்கம் ஒரு நர்சரிக்கு இரண்டு பேருமாகப் போனோம். நர்சரிக்காரர் பேச்சுவாக்கில், "சாஹேப், எங்கே வேலை?" என்று கேட்டார். பேச்சை மாற்ற வாயைத் திறந்தேன். அதற்குள் ஜெயந்த் சொல்லிவிட்டார்: "இப்போதைக்கு வேலை இல்ல. தேடிக்கிட்டிருக்கேன்."

"அச்சா" என்று அவர் பாக்கெட்டை எடுக்க உள்ளே போனார். அவ்வளவுதான்.

எனக்குக் கோபம் போய்விட்டதா? தெரியவில்லை. வீட்டுக்கு வந்து நான் பசையைக் கரைத்துக்கொண்டிருந்தபோது அவர் ஹாலிலிருந்து கோயம்புத்தூருக்கு போன் போட்டார். குரல் நன்றாகக் கேட்டது.

"அப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும்."