மோப்பம் உள்ளது

நிலா, தென்முனைச் சுரங்க முகாம். சமையலறைப் பதிவு. பேசுவது செண்பகவடிவு, எழுதிக்கொள்வது சட்டையில் மாட்டிய கருவி.

மார்ச் 4, காலை 6:10
உப்புமா ஆயிற்று. அடிப்பிடித்துவிட்டதாம். எனக்கெங்கே தெரியும்? சுரங்கத்துக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது பாறை உடைக்கும் இயந்திரத்தின் கை தலையில் அடித்ததிலிருந்து, மல்லிகையும் மண்ணெண்ணெயும் எனக்கு ஒன்றுதான். பேச்சும் பாதியில் நழுவுகிறது. முகாம் செவிலி ஜெசிந்தா தினமும் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறாள், தங்கமான பெண். மூளைக் காயத்தை மதிப்பிட்டு எழுத கம்பெனி ஒரு டாக்டரை அனுப்பியிருக்கிறது. அவர் எழுதினால்தான் பூமிக்குப் போய் முழுச் சிகிச்சை.

மார்ச் 5, காலை 11:00
டாக்டர் இளஞ்செழியன் புதுமாப்பிள்ளை போல வந்து உட்கார்ந்தார். அம்மோனியா புட்டியை மூக்கில் நீட்டினார். கண்ணீர் கொட்டத் துள்ளினேன். இது எரிச்சல், வாசனை இல்லை, மிளகாய்ப்பொடி பட்டாலும் இப்படித்தான் துள்ளுவேன் என்றேன். சிரித்துக்கொண்டே எழுதினார். பிறகு ஜெசிந்தா படித்துக் காட்டினாள்: மோப்பம் உள்ளது, நினைவு சரி, நடிக்கிறார். பூமிக்குப் போவது ரத்து. பயிற்சியும் ரத்து. இவ்வளவு நடிக்கத் தெரிந்தால் சினிமாவுக்கல்லவா போயிருப்பேன் என்று எல்லோரையும் சிரிக்க வைத்தேன். நான் சிரிக்கவில்லை.

மார்ச் 7, மதியம் 1:15
வாயுக் கசிவு அலாரம் பழுது. கசிந்தால் தெரியட்டும் என்று குளிர்க்கிடங்கு வாயுவில் அழுகிய முட்டை நாற்றம் கலந்திருக்கிறார்கள். அலாரம் சரியாகும்வரை ஒருவர் அறை அறையாக மோந்து பார்க்க வேண்டும். நிலாவில் ஈர்ப்பு குறைவு, எல்லோருக்கும் சளி இறங்காமல் மூக்கு அடைப்பு. மேற்பார்வையாளர் துரைப்பாண்டி என்னை அந்த வேலையில் போட்டுவிட்டார். டாக்டர் கையெழுத்துப் பெற்ற மூக்கு என்னுடையது ஒன்றுதானாம். மறுக்க வாயைத் திறந்தேன். டாக்டரின் அறை குளிர்க்கிடங்கை ஒட்டியது என்பது ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டேன்.

மார்ச் 9, மதியம் 2:40
டாக்டரின் அறையிலிருந்து அழைப்பு: "வடிவம்மா, தலை கிறுகிறுங்குது. சளில எனக்கு ஒண்ணும் தெரியல. ஏதாச்சும் கசியுதான்னு வந்து பாருங்க."
போய்க் கதவைத் திறந்து பார்த்தேன். அவர் உதடு நாவல்பழம் தின்றது போல நீலமாக இருந்தது. நடைவழிக்குத் திரும்பிக் கருவியில் சொன்னேன்: "எனக்கு ஒரு வாசனையும் வரலை டாக்டரய்யா. நீங்களே கையெழுத்துப் போட்ட மூக்குல்லா. நல்லாப் படுங்க."
ஒரு சொல்கூடப் பொய்யில்லை. கதவைச் சாத்தினேன்.

மார்ச் 12, காலை 9:30
யாரோ கண்டு வெளியே இழுத்ததில் டாக்டர் பிழைத்துவிட்டார். வாய் கோணிக்கொண்டு தன் பெயரைத் தேடுகிறார். கசிவு இருந்ததா என்று பூமியிலிருந்து விசாரணை. துரைப்பாண்டி என் மூக்குக்கு டாக்டர் எழுதிய சான்றிதழையும், வாசனை வரவில்லை என்று நான் சொன்னதையும் அனுப்பினார். வந்த பதில்: "மோப்பம் உள்ளவர் பார்த்திருக்கிறார். எனவே கசிவு இல்லை. கசிவு இல்லாமல் மூளைக் காயம் இல்லை. டாக்டர் நடிக்கிறார். சிகிச்சை ரத்து."
இன்று பாயசம் வைத்தேன். அவருக்கும் ஒரு கிண்ணம் ஊட்டினேன். என் முகத்தையே பார்த்தார்.

மார்ச் 14, மதியம் 3:05
குழாயை யாரும் தொடவில்லை. இல்லாத கசிவை யார் அடைப்பார்? டாக்டரையும் அதே அறைக்கே திருப்பிவிட்டார்கள். டாக்டருக்குப் பயிற்சி கொடுக்க ஜெசிந்தா ஒருவருக்கும் சொல்லாமல் அந்த அறைக்குப் போயிருக்கிறாள். டாக்டர் கட்டிலில், அவள் தரையில். இரண்டு பேருக்கும் அதே உதடு.
துரைப்பாண்டியை அழைத்தேன்: "தம்பி, ரூமுல வாயு கசியுது. எனக்கு மூக்கே கிடையாது. ஜெசிந்தா விழுந்து கெடக்கா, ஆள அனுப்பு."
"வடிவக்கா, யார்கிட்ட? நேத்துதான் சாம்பார்ல நிலாக்கல்லு கெடக்குன்னு என்னைய ஏமாத்துனீங்க. டாக்டரே மூக்கு நல்லாருக்குன்னு எழுதியிருக்காரு. போய் டீயப் போடுங்க."

3:11
இழுக்கிறேன். நிலாவிலும் கனக்கிறாள். கதவு தூரமாகப் போகிறது. திரும்ப அழைத்தேன். சிரிப்புதான் கேட்டது.

3:14
இதைக் கேட்பவர் எழுதிக்கொள்ளுங்கள். ஜெசிந்தா நடிக்கவில்லை. டாக்டரும் நடிக்கவில்லை. அன்றைக்கு வாசலில் நின்று உதட்டைப் பார்த்துவிட்டு நான்தான்